‘மிஸ், வயிறு வலிக்குது!’

கேள்வி: ஜி.என்.எம். நர்ஸிங் முடித்து, ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடம் வார்டு பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு நைட் டியூட்டி பார்க்க முடியவில்லை. வீட்டருகே ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் சிக் ரூமைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள். “பிளாஸ்திரி ஒட்டுற வேலைக்கா போறே?” என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்கிறார்கள். படித்த படிப்பு வீணாகிவிடுமா? சேர்ந்தால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, வன்னியம்பட்டி

பதில்: தயங்காமல் சேருங்கள், சகோதரி. வார்டில் கூப்பிட்டால் டாக்டர் வந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் மருத்துவம் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

1902-ல் நியூயார்க் பள்ளிகளில் சொறி, கண்நோய், பேன் என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் வைத்தியம் பார்க்க வழியில்லை; படிப்பு நின்றது. லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளில் சோதனையாக நியமித்தார்கள். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடு தேடிப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். பள்ளி நர்ஸின் வேலை இன்றைக்கும் அதுதான்.

நம் அரசுப் பள்ளிகளுக்கு, 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒருமுறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. நீங்களோ தினமும் பார்க்கப் போகிறீர்கள். அந்த வாய்ப்பு பெரியது.

முதல் வாரமே ஒரு ரிஜிஸ்டர் போடுங்கள். வலிப்பு, வீசிங், ஒவ்வாமை யாருக்கு உண்டு என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். அம்மா மில்லில் ஷிப்டில் இருந்தால் போனை எடுக்க முடியாது. பாட்டி, சித்தப்பா நம்பரும் வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது கொடுக்கலாம் என்று ஒரு டாக்டரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். அது இல்லாமல் பாராசிட்டமால்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாத்தக் கூடாது. முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிற பிள்ளைக்குக் கண் பரிசோதனை செய்யுங்கள். போர்டு தெரியாமல் இருக்கலாம்.

அடிக்கடி நீங்கள் கேட்கப்போவது, “மிஸ், வயிறு வலிக்குது.” உடனே மாத்திரையைத் தேடாதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டாய், வெளிக்குப் போனாயா, பாத்ரூம் அசிங்கமாக இருக்கிறதென்று அடக்கிக்கொண்டாயா என்று உட்கார வைத்துக் கேளுங்கள். வலது பக்கம் அடிவயிற்றைத் தொடவிடாமல் அழுதால், காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால், ஆஸ்பத்திரிதான். ஒரே பிள்ளை ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப வந்தால், அன்றைக்கு யாருடைய வகுப்பு, யார் அழைத்துப்போக வருகிறார்கள் என்று பாருங்கள். யாரோ தவறாக நடந்துகொண்டதாகப் பிள்ளை சொன்னால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பள்ளியின் பெயருக்காக மூடி மறைக்க இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

நர்ஸிங் கவுன்சில் பதிவை மட்டும் விடாமல் புதுப்பித்து வாருங்கள். நாளை அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க உதவும். பிளாஸ்திரியை யாரும் ஒட்டிவிடலாம். வயிற்று வலி என்று வந்த பிள்ளை சொல்லாமல் விட்டதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் ஐந்து வருட வார்டு அனுபவம் வேண்டும்.