டர்போ காரும் லேப்டாப்பும்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

கம்ப்யூட்டர் என்றால் மேஜை மேல் இருப்பது மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? இன்றைய பெட்ரோல் கார்களில் என்ஜினைக் கவனிப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதை இ.சி.யூ. என்பார்கள். எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஸ்பார்க் பிளக்கில் எப்போது பொறி விடுவது என்பதை அதில் பதிந்துள்ள எண்களே தீர்மானிக்கின்றன. லேப்டாப்பை இணைத்து அந்த எண்களை மாற்றுவதுதான் டியூனிங்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்த்தபோது, நண்பர் ஒருவரின் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் இதைச் செய்து பார்த்தோம். 2 லிட்டர் டர்போ என்ஜின் அது. அதில் நான் கற்ற பாடம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

டர்போ என்ன செய்கிறது?

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்தக் கூடுதல் அழுத்தமே பூஸ்ட். காற்று கூடினால் அதிக பெட்ரோலை எரிக்கலாம், சக்தி கூடும். கூடவே சூடும் ஏறும். அளவு மீறினால், பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேரும் முன்பே, மிச்சமுள்ள கலவை தானாக வெடித்து எரியும். இதுதான் நாக்கிங். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. கடுமையான நாக்கிங்கில் அது உடைந்தே போகலாம்.

படிப்படியாகச் செய்வது எப்படி?

1. முதலில் பேக்கப். இ.சி.யூ.வில் உள்ள ஒரிஜினல் பைலைப் படித்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். பைல் பெயரில் தேதியும் வரிசை எண்ணும் இருக்கட்டும். இசியூஃப்ளாஷ் சாப்ட்வேரால் பைலைப் படித்து எழுதினோம். எண்களை மாற்ற ரோம்ரெய்டர் என்ற இலவச சாப்ட்வேர் உதவியது.

2. மின்சாரம் நிற்கக் கூடாது. புதிய பைலை எழுதும்போது பாதியில் தடைபட்டால் இ.சி.யூ. இயங்காமல் போகலாம். கார் பேட்டரிக்குச் சார்ஜர் இணையுங்கள். லேப்டாப்பின் ஸ்லீப் வசதியை நிறுத்தி வையுங்கள்.

3. எதையும் மாற்றாமல் ஒருமுறை ஓட்டிப் பதிவு எடுங்கள். என்ஜின் வேகம், பூஸ்ட், காற்று-பெட்ரோல் விகிதம், நாக்கிங் ஆகியவை பதிவில் இருக்க வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து வரைபடம் போட்டுப் பாருங்கள். இப்போதே நாக்கிங் தெரிந்தால் காருக்குத் தேவை மெக்கானிக், டியூனிங் அல்ல.

4. வரிசை முக்கியம். முதலில் பெட்ரோல். சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். முழு பூஸ்ட்டில் 11 அல்லது 11.5 பங்கு காற்றுக்கு 1 பங்கு என்று தாராளமாக வைத்தால், கூடுதல் பெட்ரோல் சூட்டைத் தணிக்கும். அடுத்து பூஸ்ட், தடவைக்கு 0.1 பார் மட்டும். கடைசியாகப் பொறி விடும் நேரம், தடவைக்கு 1 டிகிரி மட்டும்.

5. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பதிவைப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள். பொதுச் சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். சக்கரங்களை உருளை மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் டைனோ இருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள்.

நான் செய்த தவறு

மூன்றாவது பைல் வரை எல்லாம் சரியாகவே போனது. டைனோ வாடகை நேரம் முடியப் போகிறதே என்ற அவசரத்தில், நான்காவது பைலில் பூஸ்ட்டையும் பொறி நேரத்தையும் சேர்த்தே கூட்டிவிட்டேன். கார் முன்பைவிட நன்றாக இழுத்தது. நண்பருக்கு ஒரே சந்தோஷம். காதுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் பதிவைத் திறந்தால், 4000 ஆர்.பி.எம். அருகே நாக்கிங்கை உணர்ந்த இ.சி.யூ., பொறி நேரத்தை 5 டிகிரி பின்னுக்கு இழுத்திருந்தது! குற்றவாளி பூஸ்ட்டா, பொறி நேரமா? இரண்டையும் ஒன்றாக மாற்றியதால் சொல்ல முடியவில்லை.

பேக்கப் இருந்ததால் உடனே மூன்றாவது பைலுக்குத் திரும்பினோம். இன்னொரு நாள் வந்து தனித்தனியாகச் சோதித்தோம். பூஸ்ட்டை மட்டும் கூட்டியபோது நாக்கிங் இல்லை. பொறி நேரத்தை நான் முன்னுக்குத் தள்ளியதுதான் காரணம். அதைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டோம். அன்று பதிவைப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பியிருந்தால், நண்பர் புது என்ஜின் வாங்க வேண்டியிருக்கலாம்.

நம் ஊரில் முயல்வோர் ஒன்றைக் கவனியுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாகனத்தில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. வாரண்டியும் போய்விடக்கூடும்.

உங்களிடம் டர்போ கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த முறை கம்ப்யூட்டரில் புதிய டிரைவர் நிறுவும்போதோ, பயாஸ் செட்டிங்கை மாற்றும்போதோ, முதலில் பேக்கப் எடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோதித்துப் பாருங்கள். பிறகு அடுத்ததற்குப் போங்கள்.