நோட்டு தெரிய வேண்டும்

பிள்ளை எழுதும் நோட்டு ஆசிரியர் கண்ணில் படாத ஆன்லைன் வகுப்பை நான் கணக்கு வகுப்பாகவே எண்ணுவதில்லை. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாக நேரலையில் கணக்கு நடத்தி வருகிறேன். ஆறாம் வகுப்பு நிலையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு நிலை வரை பிள்ளைகள் வருகிறார்கள். நான் இருப்பது கோவையில். அவர்கள் திருவண்ணாமலை, கொடைக்கானல், சென்னை என்று பல இடங்களில். எந்தப் பாடத்திட்டம், எந்தச் செயலி, எவ்வளவு கட்டணம் என்றுதான் பெற்றோர் முதலில் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, வீட்டில் பழைய செல்போன் ஒன்று சும்மா கிடக்கிறதா என்று.

அந்தப் போன் நோட்டுக்கு. மடிக்கணினியில் பிள்ளையின் முகமும் குரலும் வரட்டும். பழைய போனை அதே ஜூம் வகுப்பில் இன்னொரு ஆளாகச் சேர்த்து, அதன் மைக்கையும் ஒலியையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரொலி காதைக் கிழிக்கும். பிறகு அது நோட்டுக்கு நேர் மேலே இருக்கும்படி செய்ய வேண்டும். இதற்கு ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. உயரமாகப் புத்தகங்களை அடுக்கி, கேமரா உள்ள முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போனைக் கிடத்தி, மறுமுனையில் இன்னொரு புத்தகத்தைப் பாரம் வைத்தால் போதும். பின்பக்க கேமராதான் தெளிவாகக் காட்டும். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும். இல்லையென்றால் கையின் நிழல் கணக்கின்மேலேயே விழும். பென்சில் எழுத்து திரையில் மங்கிப்போகும், கறுப்பு ஜெல் பேனா நல்லது. முதல் வகுப்பில் பாதி நேரம் இந்த ஏற்பாட்டுக்கே போய்விடும். போகட்டும், அடுத்து வரும் மாதங்களில் அது பல மடங்காகத் திரும்பி வரும்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் உண்டு. என்னிடம் சேர்ந்த 12 வயதுப் பையன் ஒருவன் எந்தக் கணக்குக்கும் வாயிலேயே விடை சொல்லிவிடுவான். சந்தைக்கும் கடைக்கும் போய் வந்து பழகிய பிள்ளை. அவன் நோட்டை முதன்முதலாகப் பார்த்தபோது இப்படி எழுதியிருந்தான்: 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12. விடை சரி. ஆனால் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் 5 + 3-ம் 12-ம் சமம் என்றாகிறது. சமக்குறிக்கு அவன் வைத்திருந்த பொருள் 'அடுத்தது' என்பது. இதே பழக்கத்தோடு சமன்பாடுகளுக்குள் போனால், இரண்டு பக்கமும் சமம் என்ற எண்ணமே அவனிடம் இருக்காது. எட்டாம் வகுப்புப் பாடத்தில் இடறுவான், காரணம் யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்து "புரியுதா?" என்று கேட்டால் "புரியுது அக்கா" என்பான். அதில் பொய்யும் இல்லை.

10 − (7 − 2) என்பதை 10 − 7 − 2 என்று பிரிக்கும் பிள்ளைகள், (3 + 4)²-ஐ 9 + 16 என்று எழுதும் பிள்ளைகள், எல்லாரையும் நோட்டுதான் காட்டிக்கொடுக்கும். பார்த்ததும் நான் திருத்துவதில்லை. "இதை வேற வழியில போட்டுப் பாரு, ரெண்டும் ஒண்ணா வருதா?" என்று கேட்பேன். 3 + 4 ஏழு, ஏழின் வர்க்கம் 49. எதிரே 25 நிற்கிறது. அந்த இடத்தில் பிள்ளை தானாகத் திடுக்கிடுவதுதான் பாடம். மறுநாள் திருத்திய நோட்டைப் போட்டோவாக அனுப்பி வைத்தால் இது நடக்காது. நேரலை வகுப்புக்குக் காசும் நேரமும் கொடுப்பது அந்த ஒரு நிமிடத்துக்காக.

ஆகவே ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. ஆறு நோட்டுகளைத்தான் என் கண் ஒரே நேரத்தில் தொடரும். வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில்தான் டியூஷன் வைக்க முடியும், அதுவும் களைத்துப் போய் வருவார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் காலை பத்து மணி கிடைக்கிறது. அந்த நல்ல நேரத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்வேன்.

யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதற்கு வயது உதவாது. 11 வயதில் இருபடிச் சமன்பாடு தீர்க்கும் பெண்ணும் இருக்கிறாள், 15 வயதில் பின்னத்தைக் கண்டால் ஒதுங்கும் பையனும் இருக்கிறான். தனக்குப் பிடித்ததை ஆழமாகவும் பிடிக்காததை மேலோட்டமாகவும் படித்து வந்தவர்கள் இவர்கள். இடைவெளி எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடியாது. சேரும்போது மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். 1/2 + 1/3 எவ்வளவு என்று சொல்ல முடிகிறதா. 3/4, 0.8, 2/3 மூன்றையும் ஒரு எண்கோட்டில் குறிக்க முடிகிறதா. குறை எண்களைக் கூட்டிக் கழிக்க வருகிறதா. இந்த மூன்றும் கைக்கு வராமல் இயற்கணிதம் தொடங்கக் கூடாது. எந்தத் தேர்வு நெருங்கினாலும் இதில் நான் இறங்கிப் போவதில்லை.

இந்தப் பிள்ளைகளிடம் எனக்கு மிகவும் பிடித்தது கேள்வி. குறையும் குறையும் பெருக்கினால் கூட்டல் குறி ஏன் வருகிறது என்று பள்ளியில் நான் பாடம் நடத்திய காலத்தில் அபூர்வமாகத்தான் கேட்பார்கள். இங்கே அது தெரியாமல் அடுத்த கணக்குக்கு நகரவே மாட்டார்கள். அப்போது திட்டமிட்ட பாடத்தை ஓரம் வைத்துவிடுவேன். 3 × (−2) என்ன? −6. 2 × (−2)? −4. 1 × (−2)? −2. 0 × (−2)? பூஜ்யம். விடை ஒவ்வொரு முறையும் இரண்டு இரண்டாகக் கூடிக்கொண்டே வருகிறதே, அப்படியானால் (−1) × (−2) எதுவாக இருக்க வேண்டும்? ஒருத்தி, "அக்கா, அது 2-ஆ இல்லாட்டி வரிசையே உடைஞ்சுடும்!" என்று கத்தினாள். விதியை எழுதிப் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவள் இனிமேல் குறியில் தடுமாறினாலும், தானே வரிசையைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்வாள்.

ஒரே ஆபத்து, வேகமான பிள்ளை முந்திக்கொண்டு விடை சொல்ல, மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவது. அதற்கு எளிய வழி இருக்கிறது. எல்லாரும் விடையைச் சாட் பெட்டியில் தட்டி வைக்க வேண்டும், ஆனால் அனுப்பக் கூடாது. நான் 'இப்போ' என்றதும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். ஆறு விடைகள் சேர்ந்து வந்து விழும். மாறுபட்ட விடைகள் இருந்தால் இன்னும் நல்லது. எது சரி என்று நான் சொல்வதற்குள் அவர்களே வாதாடத் தொடங்கிவிடுவார்கள்.

வரைபடங்களுக்கு ஜியோஜீப்ரா பயன்படுத்துகிறோம். 2001-இல் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது. பிள்ளைகள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கணக்குக்கு வரும் இணையச் செயல்பாடுகள் பலவும் இதில் செய்யப்பட்டவையே. இதில் இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். முதலில் வரைபடத்தாளில் கையால் புள்ளிகள் வைத்து ஒரு பரவளையமாவது வரைய வேண்டும். அப்புறம் திரையைப் பகிர்ந்து எண்களை மாற்றிப் பார்ப்பது பிள்ளையாக இருக்க வேண்டும். நான் நகர்த்திக் காட்டினால் அது அவர்களுக்கு வெறும் வேடிக்கை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அன்பினால் செய்வதுதான், தெரியும். ஆனால் அம்மா சொன்ன விடையைப் பார்த்து நான் அடுத்த படிக்குப் போய்விடுவேன். பிள்ளை பின்னாலேயே நிற்கும். வகுப்புக்கு முன் போனும் நோட்டும் தயாரா என்று பார்த்துக் கொடுங்கள், பிறகு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். உங்கள் உதவி தேவைப்படுவது மறுநாள், பயிற்சிக் கணக்குகளுக்கு உட்காரும் அரை மணி நேரத்தில். கணக்கு தெரியாத அப்பாக்கள்கூட இதைச் செய்யலாம். "இதை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டாலே போதும். கணக்குத் தாளை முந்தின நாளே அனுப்பிவிடுகிறேன். மின்சாரம் போனாலும் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கலாம்.

தேர்வு பற்றிப் பயப்படும் குடும்பங்களுக்கு, இருக்கும் வசதிகளை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், என்.ஐ.ஓ.எஸ். என்று நாம் சொல்வதில், 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பதிவு 5 ஆண்டுகள் செல்லும், ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தேறிய பாடம் கணக்கில் நிற்கும். கணக்குக்குப் பிள்ளை தயாராகும்வரை காத்திருந்து அதைத் தனியாக எழுத வைப்பது நான் கண்ட நல்ல வழி. பத்தாம் நிலைக் கணக்கில் செய்முறைத் தேர்வும் உண்டு என்பதையும், வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு மதிப்பெண் உண்டு என்பதையும் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதப் போகிறவர்கள் தனித்தேர்வரை ஏற்கும் மையத்தை முன்கூட்டியே தேடிப் பிடிக்க வேண்டும். 2025 முதல் அதன் கணக்குத் தேர்வில் ஒரு தாள் கால்குலேட்டர் இல்லாமல் எழுத வேண்டியது. கால்குலேட்டரையே நம்பியிருந்த பிள்ளைகளுக்கு இதில் பழக்கம் தேவை.

பாடத்தைவிடப் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது தேர்வின் நீளம். நினைத்தபோது எழுந்து, நினைத்தபோது உட்கார்ந்து படித்தவர்கள், இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் எழுதியதே இல்லை. கொஞ்ச நேரத்திலேயே கை வலிக்கிறது என்பார்கள். தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே மாதம் ஒருமுறை முழுத் தேர்வை நேரலையில் வைக்கிறேன்: போன் நோட்டைப் பார்க்கும், மைக் அணைந்திருக்கும், நடுவில் கேள்வி கிடையாது. எழுதி முடித்ததும் விடைத்தாளை நான் திருத்துவதில்லை. விடைக் குறிப்பைத் திரையில் போட்டு, வேறு நிறப் பேனாவால் அவர்களையே திருத்தச் சொல்கிறேன். எந்தப் படியில் மதிப்பெண் போனது என்று அந்தப் படியின் பக்கத்திலேயே எழுத வேண்டும். இரண்டாம் மாதம் தொடங்கி அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் அந்த வாரத்துப் பாடத்தை முடிவு செய்கிறேன்.