ஜெர்மனியில் மார்க் ட்வைன்

நுழையும்முன்

அயல்நாட்டில் சில நாள் தங்கிச் செல்பவர் அந்நாட்டின் கோட்டைகளையும் ஆறுகளையும் கண்டு திரும்புகிறார். அங்கேயே குடும்பத்தோடு வாழ முற்படுபவரோ கடையில் விலை கேட்கவும் வீட்டு எண்ணைத் தேடவும் அந்நாட்டு மொழியோடு நாள்தோறும் போராட வேண்டியவராகிறார். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் ஜெர்மனியில் அவ்வாறு வாழ்ந்தவர். அந்நாட்டு மொழியை அவரைப் போல எள்ளி நகையாடியவரும் அரியர். அதனை அவரைப் போல நெஞ்சில் வைத்தவரும் அரியர்.

*

1878ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட 'ஹோல்சேஷியா' என்னும் நீராவிக் கப்பல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தை அடைந்தது. மார்க் ட்வைன் என்னும் புனைபெயரால் உலகம் அறிந்த சாமுவேல் லாங்கார்ன் கிளமென்ஸ் அதிலிருந்து இறங்கினார். அவருடன் மனைவி ஒலிவியாவும், ஆறு வயது மகள் சூசியும், நான்கு வயதை எட்டவிருந்த கிளாராவும் வந்தனர். ஹார்ட்ஃபோர்டு நகரில் அவர் கட்டியிருந்த பெரிய வீடு, ஓயாத விருந்தினராலும் செலவாலும் அவரைக் களைப்படையச் செய்திருந்தது. புதிய பயண நூல் ஒன்றை எழுதித் தருவதாகவும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அமைதியாக எழுத ஓரிடம் வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தது ஜெர்மனி.

மொழி கற்கும் ஏற்பாடு குழந்தைகளிடமிருந்தே தொடங்கிற்று. வீட்டுச் செவிலி ஜெர்மானியப் பெண். ஜெர்மன் மண்ணை மிதித்த நாள் முதல் அவர் பிள்ளைகளிடம் ஜெர்மன் மொழியிலேயே பேச வேண்டும் என்பது பெற்றோரின் கட்டளை. பிள்ளைகள் அதை அடியோடு வெறுத்தனர். ஹனோவர் நகரில் ஒருநாள் காலை, சூசி தந்தையிடம் வந்து மணி என்னவென்று தட்டுத்தடுமாறி ஜெர்மன் மொழியில் கேட்டாள். பிறகு தாயின் பக்கம் திரும்பிக் கண்கள் கலங்க, அந்தச் செவிலியை ஆங்கிலத்திலேயே படைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாளாம். இந்நிகழ்வை ட்வைன் தம் நண்பருக்குக் கடிதமாக எழுதினார். அந்நாட்டின் தூய்மையையும் அமைதியையும் புகழ்ந்து, இவற்றில் எதற்கும் தாம் பொறுப்பில்லை என்பதால் மகிழ்ச்சி இன்னும் மிகுகிறது என்று குறும்பாகவும் அதே காலத்தில் எழுதியிருக்கிறார்.

ஹைடல்பர்க்கின் வழக்கங்கள்

அவ்வாண்டு மே மாதம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் அக்குடும்பம் ஹைடல்பர்க் நகரில் தங்கியது. சிதைந்த பழங்கோட்டைக்கு மேலே மலைச்சரிவில் இருந்தது விடுதி. சுவரிலிருந்து வெளியே நீண்டு நின்ற கண்ணாடிக் கூண்டு போன்ற முகப்பறைகளிலிருந்து நெக்கர் ஆற்றையும் பாலத்தின் இரவு விளக்குகளையும் பார்த்தபடி அவர் நெடுநேரம் அமர்ந்திருப்பார்.

ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1386ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்குள்ள மாணவர் சங்கங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் தொப்பி உண்டு. சங்கத்தார் தமக்குள் வாட்போர் நிகழ்த்துவது நெடுநாள் மரபு. கண்ணுக்கு இரும்புக் காப்பும் கழுத்துக்குத் தடித்த கட்டும் அணிந்து, கூரிய வாளால் ஒருவர் மற்றவரின் தலையையும் முகத்தையும் தாக்குவர். மருத்துவர் அருகிலேயே நிற்பார். காயத்தைத் தைக்கும்போது முகம் சுளிப்பது இழுக்கு. கன்னத்தில் நிலைக்கும் தழும்பு பெருமை. இதை இளைஞரின் விளையாட்டு என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்கையில், நேரில் கண்ட ட்வைனால் அவ்வாறு எழுத முடியவில்லை. எதையும் நகைச்சுவையாக்கும் அவரது எழுதுகோல், குருதி படிந்த அந்த அறையைப் பற்றிய பக்கங்களில் பெரிதும் அடங்கியே செல்கிறது.

நகைக்க அவருக்கு வேறோர் இடம் கிடைத்தது. அது பல்கலைக்கழகச் சிறை. தவறு செய்த மாணவரைத் தண்டிக்கும் உரிமை பல்கலைக்கழகத்திடமே இருந்தது. சிறை செல்லும் நாளை மாணவர் தம் வசதிக்கேற்பத் தள்ளிப்போடவும் முடிந்தது! அறைச் சுவர்கள் எங்கும் மெழுகுவத்திப் புகையால் வரைந்த உருவங்களும் பெயர்களும் நிறைந்திருந்தன. தண்டனையே ஒரு சடங்காகி, சிறை சென்று வராதவர் மாணவரே அல்லர் என்னும் அளவுக்கு அது கொண்டாட்டமாயிற்று. சுவரோவியங்களோடு அவ்வறைகள் இன்றும் காட்சிக்கு உள்ளன.

சொற்களோடு ஒரு போர்

1880இல் வெளிவந்த 'எ டிராம்ப் அப்ராட்' என்னும் அவரது பயண நூலின் பின்னிணைப்பாக, ஜெர்மன் மொழியின் கொடுமைகளைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரை ஒன்று இடம்பெற்றது. இன்றும் ஜெர்மன் கற்போர் விரும்பிப் படிக்கும் கட்டுரை அது. கோட்டை அருங்காட்சியகத்தின் காப்பாளரிடம் தாம் ஜெர்மன் மொழியில் பேசியதாகவும், அது கிடைத்தற்கரிய வகை மொழி, ஒருவேளை உலகில் இது ஒன்றுதான் இருக்கும் என்று வியந்த அவர், அதைத் தம் அருங்காட்சியகத்தில் வைக்க விரும்பியதாகவும் அதில் எழுதுகிறார்.

அவரை மிகவும் அலைக்கழித்தது பால் பாகுபாடு. தமிழில் பால் என்பது பொருளை ஒட்டியது. மாந்தருக்கு ஆண்பாலும் பெண்பாலும் பலர்பாலும், அஃறிணைக்கு ஒன்றன்பாலும் பலவின்பாலும் அமையும். பொருளை அறிந்தவர் பாலையும் அறிவார். ஜெர்மன் மொழியிலோ பால் சொல்லை ஒட்டியது. ஒவ்வொரு பெயரையும் அதன் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். 'ரூபெ' என்னும் கிழங்கு பெண்பால். 'மெட்ஷென்' என்னும் சிறுமியோ பொதுப்பால்! கிழங்குக்குக் காட்டும் மரியாதையைப் பெண்ணுக்குக் காட்டாத மொழி என்று ட்வைன் கேலி செய்தார். சிறுமையைக் குறிக்கும் 'ஷென்' விகுதியை ஏற்ற பெயர் எதுவாயினும் பொதுப்பாலாகும் என்பதே அங்குள்ள விதி. விதி தெரிந்த பின்னும் அவருடைய கேலி சுவை குன்றுவதில்லை.

அடுத்தது தொகைச்சொற்களின் நீளம். 'விடுதலை அறிக்கைகள்' என நாம் இரு சொல்லாகச் சொல்வதை ஜெர்மானியர் 'உன்அப்ஹெங்கிக்கைட்ஸ்எர்க்லேருங்கென்' என ஒரே மூச்சில் சொல்வர். இவை சொற்களல்ல, எழுத்துகளின் ஊர்வலங்கள் என்பது அவர் கருத்து. தொடரின் வினை கடைசியில் வருவதையும் அவர் குறைகூறினார். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சொல்லக்கூடிய குறை இது. வினைமுற்றைத் தொடரின் இறுதியில் கேட்டே வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்.

ஆயினும் அதே கட்டுரையில் ஒரு திருப்பம் உண்டு. வீடு, அன்பு, இயற்கை, துயரம் ஆகியவற்றைச் சொல்லும் ஜெர்மன் சொற்கள் நெஞ்சைத் தொடும் வளமுடையவை என்று அவர் மனமுவந்து பாராட்டுகிறார். சிரிப்புக்கிடையே பலரும் இவ்வரிகளைக் கடந்துசென்று விடுகின்றனர்.

பெர்லின் குளிர்காலம்

1891இல் அவர் மீண்டும் ஐரோப்பா வந்தபோது நிலை வேறு. அச்செழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் பெரும்பணத்தை முதலீடு செய்து அவர் இழப்பில் தத்தளித்துக்கொண்டிருந்தார். ஹார்ட்ஃபோர்டு வீட்டை மூடிவிட்டுச் செலவைக் குறைக்க வந்த குடும்பம், பெர்லினில் எளிய தெருவொன்றில் குடியேறியது. வலக்கையில் வாதநோய் வேறு. அந்நகரை ஐரோப்பாவின் சிகாகோ என்று அழைத்த அவர், அதன் அகன்ற தெருக்களையும் துப்புரவையும் விளக்கொளியையும் வியந்து எழுதினார். தெருக்களில் வீட்டு எண்கள் ஒழுங்கின்றித் தாவிச் செல்வதைக் கண்டு சலித்துக்கொண்டார்.

1892 பிப்ரவரியில் பேரரசர் இரண்டாம் வில்லியத்தோடு விருந்துண்ணும் வாய்ப்பு அமைந்தது. மிசிசிப்பி ஆற்றைப் பற்றி அவர் எழுதியதே அவருடைய எழுத்துகளில் தலைசிறந்தது என்றார் பேரரசர். அன்றிரவு இருப்பிடம் திரும்பியபோது வாயிற்காவலரும் அதே கருத்தைச் சொன்னாராம். அரசரும் காவலரும் ஒன்றுபட்ட அந்தத் தீர்ப்பைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவர் பெருமிதத்தோடு பதிவு செய்கிறார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் செய்த சிறிய பணி ஒன்று இதைவிட நினைக்கத்தக்கது. ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன், 1844ஆம் ஆண்டுக் கிறித்துமசுக்குத் தம் சிறு மகனுக்கு ஏற்ற நூல் கடையில் கிடைக்காமையால் தாமே படம் வரைந்து பாட்டெழுதிக் கொடுத்தார். 'ஷ்ட்ரூவெல்பேட்டர்' என்னும் அந்நூல் ஜெர்மானிய இல்லந்தோறும் பரவியது. பெர்லினில் ட்வைன் அதை ஆங்கிலப் பாடல்களாக மொழிபெயர்த்து, கிறித்துமஸ் மரத்தடியில் தம் மூன்று மகள்களுக்குப் பரிசாக வைத்தார். தாமே நடித்துப் படித்தும் காட்டினார். கையில் பணமில்லாத அவ்வாண்டில் தந்தை ஒருவரின் பரிசு, இன்னொரு தந்தையின் பரிசிலிருந்து பிறந்தது. அம்மொழிபெயர்ப்பு அவர் மறைந்த பிறகு, 1935இல்தான் நூலாயிற்று.

1896இல் சூசி 24 வயதில் மூளைக்காய்ச்சலால் இறந்தாள். அடுத்த ஆண்டு வியன்னாவில் பத்திரிகையாளர் கழகத்தில் ஜெர்மன் மொழியின் கொடுமைகளைப் பற்றி ட்வைன் ஜெர்மன் மொழியிலேயே உரையாற்றிக் கேட்டோரைச் சிரிக்க வைத்தார். 1904 சூன் மாதம், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஒலிவியா காலமானார். அவர் உடல் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு எல்மைரா நகரில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையில் பொறிக்க ட்வைன் தேர்ந்த சொற்கள் தம் தாய்மொழியில் இல்லை. இறைவன் உனக்கு அருள் புரிவானாக, என் பேரின்பமே என்னும் பொருளுடைய அவ்வரி ஜெர்மன் மொழியில் இருக்கிறது.