கீழ்வீட்டு அன்ரியின் இரண்டு முறைப்பாடுகள்

அன்புள்ள துளசி,

கீழ்வீட்டு அன்ரிக்காகக் கவுன்சிலுக்கு நீ எழுதிய கடிதத்தை வாசித்தேன். நான்கு பக்கம். படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்தது, மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் விசேட உதவி தருவதற்கான ஈஎச்சி பிளான் இன்னும் வராதது, தொலைபேசியில் ஒருத்தி மரியாதையில்லாமல் பேசியது, அன்ரி 1990இல் நாட்டைவிட்டு வந்த கதை, எல்லாம் இருக்கிறது. உன் கோபம் நியாயமானது. ஆனால் இதை இப்படியே அனுப்பாதே. பள்ளிக்கூட விஷயம் எங்களுடையதல்ல என்று வீட்டுப் பகுதி எழுதும், பூஞ்சணம் எங்களுடையதல்ல என்று கல்விப் பகுதி எழுதும். பதில் அனுப்பியாயிற்று என்று இரண்டு பேரும் கோப்பை மூடிவிடுவார்கள். ஆகவே முதலில் கடிதத்தை இரண்டாக வெட்டு.

வெட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கவுன்சிலின் பதில் சரிவராவிட்டால் இந்த இரண்டு முறைப்பாடுகளும் போய்ச் சேரும் ஒம்புட்ஸ்மன்கள், அதாவது வெளியே இருந்து முறைப்பாட்டை விசாரிப்பவர்கள், வேறு வேறு. கவுன்சில் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்து செய்ய வேண்டிய வேலைகள், அதாவது திருத்தவேலை, ஈரக்கசிவு, லிஃப்ட், படிக்கட்டு போன்றவை, ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் போகும். கல்வியும், வீடிழந்தவர்களுக்குக் கவுன்சில் செய்ய வேண்டிய உதவியும் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகும். இரண்டுக்கும் காசு இல்லை, வக்கீலும் தேவையில்லை. இது இங்கிலாந்து முறை. ஸ்கொட்லாந்தில் இருக்கும் உன் பெரியம்மாவுக்கு இதை அப்படியே சொல்லிக்கொடுக்காதே, அங்கே அமைப்பு வேறு.

முதலில் வீட்டை எடுப்போம். பலமுறை போன் பண்ணிவிட்டேன் என்று அன்ரி சொல்கிறார். நம்புகிறேன். ஆனால் ‘சுவரில் பூஞ்சணம், வந்து பாருங்கள்’ என்று சொல்வதை அவர்கள் திருத்தவேலைக் கோரிக்கையாகத்தான் பதிவார்கள். அதைச் செய்யாமல் விட்டதில் எனக்குத் திருப்தியில்லை என்று சொன்ன பிறகுதான் அது முறைப்பாடாகிறது. ‘முறைப்பாடு’ என்ற சொல் கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் போட்டுவிடு, சாட்டுச் சொல்ல இடமிருக்காது. ஹவுசிங் ஒம்புட்ஸ்மனின் முறைப்பாட்டு விதிக்கோவை 2024 ஏப்ரலில் இருந்து சட்டப்படி கட்டாயமாகிவிட்டது. முறைப்பாடு கிடைத்ததென்று 5 வேலை நாளுக்குள் அவர்கள் எழுத வேண்டும். அதிலிருந்து 10 வேலை நாளுக்குள் முதற்படிப் பதில். அது போதாதென்று இரண்டாம் படிக்குக் கேட்டால், அதை ஏற்று எழுதியதிலிருந்து 20 வேலை நாள். அவகாசத்தை நீட்டினால் காரணம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இரண்டாம் படி முடிந்தும் எட்டுக் கிழமை பொறுத்திருக்க வேண்டும், அல்லது எம்.பியையோ கவுன்சிலரையோ பிடிக்க வேண்டும். 2022 ஒக்டோபரோடு அந்தத் தடை போய்விட்டது. நம்முடைய ஆட்கள் இன்னமும் எம்.பியின் கடிதத்தைத்தான் மந்திரக்கோலாக நினைக்கிறார்கள். எம்.பி கேட்டால் பதில் சற்றுக் கெதியாக வரலாம், ஆனால் தீர்ப்பது அவரல்ல.

பூஞ்சணத்தைச் சின்ன விஷயமென்று யாரும் சொன்னால் ரொச்டேலைச் சொல்லு. அங்கே ஹவுசிங் அசோசியேஷன் வீடொன்றில் வாழ்ந்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். தகப்பன் 2017இலேயே பூஞ்சணத்தைப் பற்றி அறிவித்திருந்தார். அதன்மேல் பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். வீட்டில் நீண்ட காலம் இருந்த பூஞ்சணமே பிள்ளையின் மூச்சை முடக்கியதென்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது. கவுன்சில் வீடுகளுக்கும் அது பொருந்தும். உடனடி ஆபத்தென்றால் 24 மணித்தியாலத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாளுக்குள் விசாரித்து, விசாரணை முடிந்து 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் வேறிடம் தர வேண்டும். ஆகவே அன்ரியின் கடிதத்தில் ‘நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்’ என்ற வரிக்குப் பதிலாக, எந்தத் திகதியில் அறிவித்தார், யார் வந்து பார்த்தார், அந்த அறையில் எத்தனை வயதுப் பிள்ளை படுக்கிறது, அவனுக்கு இழுப்பு உண்டா என்பது வரட்டும். படங்களைத் திகதியோடு வை. போனில் பேசினால் அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டு, பேசியதை எழுத்தில் ஆக்கிவிடு.

பள்ளிக்கூட விஷயம் இதைவிடச் சிக்கலானது. இங்கேதான் ஆட்கள் மாதக்கணக்கில் காலத்தை இழக்கிறார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் மகனை மதிப்பிடும்படி அன்ரி கேட்டதாக எழுதியிருக்கிறாய். மதிப்பிடுவதா இல்லையா என்பதைக் கவுன்சில் 6 கிழமைக்குள் சொல்ல வேண்டும். பிளான் கொடுப்பதென்றால் கேட்ட நாளிலிருந்து 20 கிழமைக்குள் இறுதிப் பிளான் கையில் இருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் ஆள் போதாது என்பது அதிலொன்றல்ல. அப்படிப் பார்த்தால் ஜனவரி கடைசியிலேயே கெடு முடிந்துவிட்டது. இந்தத் தாமதம் முறைப்பாட்டுக்கு உரியது. பிளான் வந்து, அதன் எஃப் பகுதியில் எழுதிய பேச்சுப் பயிற்சியோ உதவி ஆசிரியரோ கிடைக்காவிட்டால் அதுவும் முறைப்பாட்டுக்கு உரியது. அந்த உதவி கிடைக்கச் செய்வது 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. பள்ளிக்கூடத்தில் ஆளில்லை என்று கையை விரிக்க முடியாது.

ஆனால் ‘மதிப்பிட மாட்டோம்’ என்று முடிவு வந்தால், அல்லது வந்த பிளானில் உள்ள உதவி போதாது, பெயரிட்ட பள்ளிக்கூடம் பொருத்தமில்லை என்றால், முறைப்பாடு எழுதிக்கொண்டிராதே. அதற்கு வழி ட்ரிபியூனல் மேன்முறையீடு. முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மீடியேஷன் சான்றிதழின் திகதியிலிருந்து ஒரு மாதம், எது பிந்தியதோ அதுவரை அவகாசம். ட்ரிபியூனலுக்குப் போகக்கூடிய விஷயத்தை ஒம்புட்ஸ்மன் பொதுவாகத் தொடமாட்டார். மரியாதையாக முதற்படி, இரண்டாம் படி என்று எழுதிக் காத்திருந்தவர்களுக்கு, பதில் வரும்போது மேன்முறையீட்டுக் காலம் போயிருக்கும். வீடிழந்தவர்கள் விஷயத்திலும் இதே பொறி உண்டு. ‘உங்களுக்கு உதவும் கடமை எங்களுக்கில்லை’ என்று கவுன்சில் எழுதினால் 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். முறைப்பாடு அதற்கு ஈடாகாது. எந்தக் கடிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் வாசி, உரிமையும் நாட்கணக்கும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒம்புட்ஸ்மன் எதைப் பார்ப்பார் என்பதையும் அன்ரிக்கு விளங்கப்படுத்து. கவுன்சில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதா, அதனால் இவர்களுக்கு என்ன பாதிப்பு, இந்த இரண்டும்தான். முடிவு பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. ஆகவே கல்விக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை: செப்டெம்பரில் கேட்டோம், 20 கிழமை இன்ன திகதியோடு முடிந்தது, அதற்குப் பிறகு மகன் இத்தனை கிழமை அரைநாள்தான் பள்ளிக்கூடம் போகிறான், இன்ன திகதிக்குள் இறுதிப் பிளான் வேண்டும், தவறிய படிப்புக்குப் பரிகாரம் வேண்டும். என்ன வேண்டும் என்று எழுதாத கடிதத்துக்கு ‘வருந்துகிறோம்’ என்ற பதில்தான் வரும். இழந்த கல்விக்கு ஒரு தவணைக்கு 900 முதல் 2,400 பவுண் வரை என்று உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனின் வழிகாட்டி ஒரு அளவு சொல்கிறது. பெரிய பணமல்ல, அதைக் காட்டி அன்ரிக்கு ஆசை ஊட்டாதே.

காலக்கெடுவில் ஒரு வித்தியாசம் கவனி. ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் போவதற்கான 12 மாதம், வீட்டுப் பகுதியின் கடைசிப் பதிலிலிருந்து ஓடும். உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனின் 12 மாதமோ பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கவுன்சில் மாதக்கணக்கில் இழுத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது.

அன்ரிக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியும். கவுன்சிலைப் பகைத்தால் வீட்டை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் விதானையாருக்குப் பயந்த மாதிரிப் பயப்படுகிறார். நிரந்தர வாடகை உரிமை உள்ளவரைச் சட்டம் சொல்லும் காரணமும் நீதிமன்றக் கட்டளையும் இல்லாமல் வெளியேற்ற முடியாது. முறைப்பாடு எழுதியது அப்படிப்பட்ட காரணமல்ல. வாடகை நிலுவை அப்படிப்பட்ட காரணம். திருத்தவேலை செய்யவில்லை என்ற கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள். ஒம்புட்ஸ்மனின் முடிவுகள் வெளியிடப்பட்டாலும் அன்ரியின் பெயர் அதில் வராது.

இன்னொன்று. இரண்டு பகுதிகளிடமும் அன்ரியைப் பற்றிய கோப்பின் பிரதியைக் கேள். காசில்லாமல் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஆள் வந்து பார்த்ததாகவும் கதவு திறக்கப்படவில்லை என்றும் சில கோப்புகளில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் இரண்டாம் படிக்குப் போகாதே. நீ அவர் சார்பில் எழுதுவதால் அன்ரியின் கையொப்பத்தோடு அனுமதிக் கடிதமும் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் உன்னோடு பேச மாட்டார்கள். சந்திப்புகளுக்கு அன்ரியின் மகனை மொழிபெயர்க்க விடாதே, மொழிபெயர்ப்பாளரைக் கேள்.

வெட்டிய கடிதங்களை ஞாயிறுக்குள் அனுப்பு, பார்த்துத் தருகிறேன். அன்ரி நாட்டைவிட்டு வந்த கதையை அவற்றில் சேர்க்காதே. அதை அவரிடம் இருந்து ஆறுதலாகக் கேட்டுத் தனியாக எழுதி வை.

அன்புடன்,
சித்தப்பா