ஊசி போட்ட நாளில் ஆடு

மதுரை

அன்புள்ள மருமகனுக்கு மாமா எழுதுவது.

கபடி டீமில் பேர் கொடுத்தாயாம், அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் வீட்டில் ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். உங்கம்மா போனில் அழுதாள். உன்னிடம் போனில் சொன்னால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

விளையாடாதே என்று சொல்லப்போவதில்லை. ஹீமோஃபிலியா உள்ள பையன் சும்மா உட்கார்ந்தால் தொடைச் சதை வற்றும். சதை வற்றினால் முழங்காலைத் தாங்க ஒன்றும் இருக்காது, படி ஏறினாலே மூட்டுக்குள் ரத்தம் கசியும். என் இடது காலைப் பார்த்திருக்கிறாய். நான் சின்னவனாக இருந்தபோது வீட்டில் யாருக்கும் இந்த நோயின் பேர்கூடத் தெரியாது. வீங்கும்போதெல்லாம் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். அப்புறம் பயந்துபோய் வீட்டோடு உட்கார வைத்தார்கள். ரெண்டும் சேர்ந்துதான் அந்தக் கால் இன்றைக்கும் முழுசாக நீள மாட்டேன் என்கிறது.

ஆனாலும் கபடி வேண்டாம். கணுக்காலைப் பிடித்து இழுப்பதும் நாலு பேர் மேலே விழுந்து அமுக்குவதும் அந்த ஆட்டத்தின் இலக்கணமே. தலை தரையில் மோதினால் மண்டைக்குள் கசிவது வெளியே தெரியாது. மல்யுத்தம், பாக்ஸிங்கும் இதே கணக்குதான். நீச்சல், சைக்கிள், பேட்மின்டன், டேபிள் டென்னிஸ் எல்லாம் தாராளமாக ஆடலாம். உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது.

எதை ஆடுகிறாய் என்பதைவிட எந்த நாளில் ஆடுகிறாய் என்பது முக்கியம், அதை நீ இன்னும் கவனிக்கவில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் எட்டாம் ஃபேக்டர் உனக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. கிலோவுக்கு ஒரு யூனிட் ஏற்றினால் சுமார் 2 சதவீதம் கூடும். நீ 40 கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் 500 யூனிட்டைத் திங்கள் காலையில் போட்டால் 25 சதவீதம் வரும். ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும், சின்னப் பையன்களுக்கு இன்னும் சீக்கிரம். ராத்திரி 12 சதவீதம், செவ்வாய் காலை 6 சதவீதம், புதன் காலை ஒன்றரை சதவீதம். திங்கள் சாயங்காலம் ராக்கெட்டைத் தூக்குகிறவனும் புதன் சாயங்காலம் தூக்குகிறவனும் ஒரே ஆள் இல்லை. ஆடுகிற நாளையும் ஊசி நாளையும் ஒன்றாக வைத்துத் தரச் சொல்லி டாக்டரிடம் நீயே கேள், உங்கம்மாவைக் கேட்க வைக்காதே.

கபடி இல்லையென்றால் எல்லாம் போச்சு என்று நினைக்காதே. அலெக்ஸ் டௌசெட் என்று ஒரு இங்கிலாந்துக்காரர். உனக்கு இருப்பதே அவருக்கும், அதுவும் கடுமையான வகை. சின்ன வயதில் ஃபுட்பால் கூடாது என்றதும் நீச்சலுக்குப் போனார், அங்கிருந்து சைக்கிளுக்கு. 2015 மே 2-ம் தேதி மான்செஸ்டரில் ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். அடுத்த மாதமே பிராட்லி விக்கின்ஸ் அதை முறியடித்தது வேறு கதை. டௌசெட்டுக்குக் கிடைத்த அளவு மருந்து நமக்குக் கிடைப்பதில்லை. அதைச் சொல்லாமல் அவரை உனக்கு உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

தோட்டத்துக் கிணற்றில் நீந்து, ஆனால் மேட்டிலிருந்து குதிக்காதே. படிக்கல்லில் பாசி இருக்கும், கையை ஊன்றி இறங்கு. நீச்சல் தெரிந்த பெரிய ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம். கூட்டாளிகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூட்டு வீங்குவதற்கு முன்னால் உள்ளே ஒரு குறுகுறுப்பும் சூடும் தெரியும். நமக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் "இந்த ஒரு பாயின்ட் முடியட்டும்" என்று நிற்காதே. முதலில் ஃபேக்டர், பிறகு துணி சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி வைத்து ஓய்வு. தலையில் அடிபட்டால் வலிக்காவிட்டாலும் ஊசி போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டு வாங்காதே. ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் ரத்தத்தை இன்னும் நிற்கவிடாமல் செய்யும். பாரசிட்டமால் போதும். இடுப்பில் ஊசி போட யார் வந்தாலும் நோயைச் சொல்லித் தடுத்துவிடு. வீக்கம் வற்றி, ரெண்டு காலும் ஒரேமாதிரி மடங்கி நீளும்வரை கோர்ட் பக்கம் போகாதே. பி.டி. சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவை. ஒளித்து ஆடுகிறவனுக்குத்தான் உதவி பிந்தி வரும்.

உங்கம்மாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இந்த நோய் ஆச்சி வழியாக எனக்கு வந்தது, உங்கம்மா வழியாக உனக்கு வந்தது. அதையே நினைத்து அவள் மருகுகிறாள். நான் தப்பிப் பிழைத்து வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் கேட்க மாட்டாள், நீ சாப்பிட்டால் கேட்பாள்.

ராக்கெட் நான் வாங்கிவிட்டேன். கணுக்காலை நன்றாகப் பிடிக்கிற ஷூவும் வேண்டும். ரெண்டு பாதத்தையும் தாளில் வைத்து வரைந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா