கத்தரி வெயிலில் தண்ணீர் கேன்

கத்தரி தொடங்கிவிட்டால் மே மாதக் கடைசி வரை விடாது. தெருமுனைக் கடையில் இருபது லிட்டர் கேன்கள் நிழலில் இருக்கின்றனவா, நடைபாதையில் காய்கின்றனவா என்று பாருங்கள். தொட்டால் கை சுடுகிற கேனை வாங்காதீர்கள். கேன் போடும் தம்பியிடம் "நிழல்ல இறக்கி வைப்பா" என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை காலி கேனைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 7 என்றிருந்தால் அது பெரும்பாலும் பாலிகார்பனேட். அதன் மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ, உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல வேடம் போடக்கூடியது. கேன் பழசாகப் பழசாக, சூடு ஏற ஏற, அது தண்ணீரில் இறங்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இதன் தினசரி வரம்பை முன்பிருந்ததில் 20,000-இல் ஒரு பங்காக்கியது. கீறல் விழுந்து மங்கிய கேனைத் திருப்பி அனுப்புங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஒரு லிட்டர் பாட்டில் வேறு கதை. அடியில் 1 என்றிருக்கும் பெட் பிளாஸ்டிக் அது. வாட்ஸ்அப்பில் என்ன சுற்றினாலும், அதைப் பிஸ்பீனாலால் செய்வதில்லை. அதிலிருந்து கசிவது ஆன்டிமனி என்னும் தனிமம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் கண்டது இது: 60 டிகிரியில் வைத்த பாட்டில் நீர் அமெரிக்கக் குடிநீர் வரம்பைத் தாண்ட 176 நாள் ஆனது; 80 டிகிரியில் இரண்டரை நாள்கூட ஆகவில்லை. ஆகவே, காரில் ஒரு மதியம் கிடந்த பாட்டிலைக் குடித்துவிட்டோமே என்று பதற வேண்டாம். மாதக்கணக்கில் காரிலேயே போட்டு வைக்காதீர்கள். கொதிநீரை அதில் ஊற்றவே கூடாது.

பயந்துபோய்த் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். நா வறண்ட நேரத்தில் கிடைப்பது பிளாஸ்டிக் பாட்டில்தான் என்றால் குடியுங்கள். வெயிலில் உடனே ஆளைச் சாய்ப்பது நீர்ச்சத்துக் குறைவுதான்.

வீட்டில் மண்பானை, வெளியே போனால் எவர்சில்வர் பாட்டில். செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் மட்டும். மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் புளிப்பு செம்பைக் கரைக்கும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை பார்சல் டீ. பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. ஆனாலும் கொதிக்கக் கொதிக்க டீயைக் கவரில் ஊற்றி, வாயை நூலால் இறுக்கித் தருகிறார்கள். கவர் தொளதொளவென்று இளகி, பிடிக்க முடியாமல் கை மாற்றிக்கொண்டே வருகிறோம். கத்தரி வெயில்கூட எந்தப் பாட்டிலையும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகாது. டீ வாங்க ஆள் அனுப்பும்போது கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தனுப்புங்கள்.