இலத்தீன் தேர்வுக்கு ஆயத்தம்

அமெரிக்காவில் கல்லூரிப் பிரவேசத்துக்கு உதவிய எஸ்.ஏ.டி. இலத்தீன் பாடத்தேர்வு 2021-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இன்று அங்கே மாணாக்கர் எழுதுவது ஏ.பி. இலத்தீன் தேர்வு. விர்ஜில் இயற்றிய காவியமும் பிளினியின் கடிதங்களும் அதன் முக்கிய பாடங்கள்.

ஆயத்தம் செய்வது எப்படி? சொல்லின் இடத்தை நம்பாமல் ஈற்றை நோக்கப் பழக வேண்டும். "பேத்ருஸ் மரியம் விதெத்" என்றாலும், "மரியம் பேத்ருஸ் விதெத்" என்றாலும், இராயப்பர் மரியாளைக் காண்கிறார் என்பதே பொருள். மரியா என்னும் பெயரோடு சேர்ந்த 'ம்' நமது 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளை இங்கே தடுமாறும். தமிழ் அறிந்த பிள்ளைக்கோ இது பழகிய பாதை.

ஆகையால் தினமும் சில வரிகளை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். முதலில் வினைமுற்று, பிறகு எழுவாய், அப்புறம் செயப்படுபொருள் என்று தேடட்டும். இலத்தீனுக்காக வீட்டிலே தமிழை நிறுத்திவிடாதீர்கள். அதுவே இதற்கு ஏணி.